முதலில் ஓடியவனுக்குக் கோப்பை

சாப்பாட்டுத் தூக்கை மாட்ட ஓர் ஆணி இல்லாததால், ஒரு புதன்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் மொத்தமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேடேறியது. ஆணி அடிக்க வேண்டியவன் நான். பதினொரு மாதமாக நாளைக்கு அடிக்கலாம் என்று தள்ளிப்போட்டவனும் நான்.

என் உத்தியோகம் சங்கு அறைக் காவல். கடலை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் அபாயச் சங்கை இயக்கும் இரும்புக் கைப்பிடி. கைப்பிடி மேலே நின்றால் ஊர் தன் வேலையைப் பார்க்கலாம். கீழே இறங்கினால் கூரைமேல் இருக்கும் சங்கு ஊளையிடும், எல்லாரும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நான்கு நாள் பயிற்சி நடத்தி, ஏழு இடத்தில் கையெழுத்து வாங்கி, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் தந்திருந்தார்கள்.

அன்று என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். மேசைமேல் பதிவேடு விரித்துக் கிடந்தது. தரையில் எறும்பு. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசிக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பேன். ஊரில் எனக்கு வானொலி என்று பட்டப்பெயர். சாவு வீட்டில்கூட என்னைக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரச் சொல்வார்கள். பேச்சு மும்முரத்தில், கைக்கு வாகாக நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியில் தூக்கை மாட்டினேன். மூன்றடுக்குத் தூக்கு. அன்றைக்கென்று மீன் வேறு அதிகம்.

சங்கு ஊளையிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சங்கை ஊதவிட்டவன் நான். அது எதற்காக ஊதுகிறது என்று ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். தூக்கு கைப்பிடியில் தொங்கி ஆடுவது என் கண்முன்னால் தெரிகிறது. கையை நீட்டி எடுத்தால் தீர்ந்தது. நான் ஓடினேன். கதவை உதைத்துத் திறந்து, மனைவியின் தோளை இடித்துத் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓடினேன். நாற்பத்தாறு வயது, இடது முழங்காலில் வலி, மாடிப்படி ஏறவே யோசிக்கிற உடம்பு. அந்த உடம்பு எனக்குத் தெரியாமல் எங்கேயோ ஒரு குதிரையை ஒளித்து வைத்திருந்தது.

மேட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது நான்தான். தொட்டிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது ஊர் கீழிருந்து பொங்கி வந்துகொண்டிருந்தது. பாதி முகம் சோப்போடு ஒருவர், அவர் பின்னால் கத்தியோடு முடிதிருத்துபவர். ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஐஸ் தொழிற்சாலைக்காரர் தோளில் முழுசாக ஒரு ஐஸ் பாளத்தைச் சுமந்துகொண்டு வந்தார். உயிரைக் காப்பாற்ற ஓடும்போது இதை எதற்கய்யா தூக்கிவந்தாய் என்று யாரோ கேட்டதற்கு, கீழே வைத்தால் உருகிவிடுமே என்றார். அவர் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. அதற்கு ஐஸ் காரணமில்லை.

திடீரென்று சங்கு நின்றது. தொள்ளாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தோம். கடல் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பூனைபோல் கிடந்தது. கரையோரம் அசைந்தது ஒரே ஓர் உருவம். சங்கு அறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, அவசரமே இல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்துபோனாள்.

"அது உன் வீட்டுக்காரம்மா இல்ல?" என்றார் ஐஸ்காரர்.

ஆமாம் என்றேன்.

"அவங்க அங்க இருக்காங்க. நீ எப்படி இங்க இருக்க?"

வானொலியில் அப்போது நிகழ்ச்சி எதுவும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு நிஜமாகவே அலை வந்தது. அன்று ஊரில் சங்கு கிடையாது. நல்ல ஏற்பாடுகள் எல்லாவற்றையும் போல அதுவும் அலை போன பிறகுதான் வந்தது. அந்தக் காலையில் நானும் என் மச்சினனும், அதாவது என் மனைவியின் தம்பி, எங்கள் பைபர் படகைக் கட்டைகள்மேல் ஏற்றி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் படகுக்கடியில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கடலைப் பார்த்து நின்றபடி மேற்பார்வை செய்தேன், அதாவது பேசிக்கொண்டிருந்தேன். கடல் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்பதை முதலில் பார்த்தவன் நான். எனக்கும் அவனுக்கும் எட்டடி தூரம்.

அன்று சாயங்காலமே என் மனைவியிடம் சொன்னேன்: கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன், அவனுக்குக் கேட்கவில்லை. ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? இவன் வாயை மூடி யார் பார்த்திருக்கிறார்கள்? மனைவியும் நம்பினாள். என் தொண்டைக்கு வெந்நீர்கூட வைத்துத் தந்தாள். அந்த வெந்நீரைக் குடித்தவன் நான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நான் கத்தவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. ஓடினேன்.

அன்றிலிருந்து எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்குமா? தலைக்குமேல் படகு, காதருகே உப்புத்தாள் உரசும் சத்தம். கேட்டிருக்காது என்றால் நான் வெறும் பொய்யன். பொய்யனாக இருந்து சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாட முடியும், நானே செய்துகொண்டிருக்கிறேன். கேட்டிருக்கும் என்றால் நான் யார் என்பது எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கென்றே ஊரில் ஓர் அலுவலகம் இருந்தது. கடலோர மன மீட்பு இயக்ககம் என்று பெயர்ப்பலகை. ஊர்க்காரர்கள் பயம் ஆபீஸ் என்பார்கள். அலை வந்த மூன்றாம் மாதம் வந்து, எங்கள் மனதை மீட்காமல் போவதில்லை என்று பெரிய கட்டடம் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு வந்து பயத்தை அளப்பார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடு போட்ட அட்டை. பூஜ்யத்தின்மேல் சிரிக்கிற முகம், பத்தின்மேல் வாய் பிளந்த முகம். எங்கே இருக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். முதல் மாதம் வலை பின்னுகிறவர் யோசித்துப் பார்த்து ஏழு என்று நேர்மையாகச் சொன்னார். ஐந்துக்கு மேல் சொன்னவர்களுக்கு ஒன்பது நாள் மூச்சுப் பயிற்சி கட்டாயம். மீன் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய அந்த ஒன்பது நாளும் வலை பின்னுகிறவர் குளிரூட்டிய அறையில் கண்ணை மூடி, ஒலிப்பதிவு செய்த கடல் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நிஜக் கடல் இருநூறு அடி தள்ளி இருந்தது. அதன் சத்தம் பதிவுக்கு இடைஞ்சல் என்று ஜன்னலை அடைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அவர்கள் அட்டையை நீட்டும் முன்பே அவர் பூஜ்யம் என்றார். ஊர் முழுக்க அந்த நோய் குணமாகிவிட்டது. மீன் வரத்து அதிகமாகும் மாதங்களில் மக்களின் அச்சம் வியக்கத்தக்க அளவு குறைகிறது என்று இயக்ககம் தன் ஆண்டறிக்கையில் கண்டுபிடித்து எழுதியிருந்தது.

அட்டையில் கேட்காத விஷயங்கள் சில இருந்தன. பாதி ஊர் செருப்போடுதான் படுக்கும். ஐஸ்காரரின் மனைவி குளிக்கப் போனால் தன் மகளை வாசலில் நிறுத்திப் பாடச் சொல்லுவாள். பாட்டு நின்றால் ஈரத்தோடு ஓடி வருவாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பாட்டு என்றாலே பிடிக்காது. முடிதிருத்துபவர் தன் கடைக் கண்ணாடியைக் கடல் தெரிகிற மாதிரி திருப்பி மாட்டியிருந்தார். அதில் வாடிக்கையாளர்கள் தங்கள் முகத்தைப் பார்க்க முடியாது, கடலைத்தான் பார்க்கலாம். யாரும் குறை சொன்னதில்லை.

இப்படியாக ஊரின் சராசரி பயம் மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்றுக்குக் கீழே வந்தால் 'அச்சம் நீங்கிய ஊர்' என்று கல்வெட்டுத் திறப்பார்கள். திறப்பு விழா வெள்ளிக்கிழமை. நான் தூக்கை மாட்டியது புதன்கிழமை.

அன்று வீட்டுக்குப் போனபோது அவள் அதே தூக்கிலிருந்து எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். அரசாங்கச் சங்கைவிட உன் மீன் கனம் என்று ஒரு நகைச்சுவை முயன்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் பாதி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"ஓடுறப்ப நீங்க ஒரு சத்தமும் போடல, இல்ல?"

மூச்சு வாங்கியது என்றேன்.

"ஓடுறதுக்கு முன்னாடியேவா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இரவு முழுக்க அவள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. விடை எனக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

மறுநாள் காலை பயம் ஆபீஸ் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டு போனேன். கழுத்து அட்டையைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இயக்குநர் நல்ல உயரம், தனியாக இருக்கும்போதும் மேடையில் நிற்கிற மாதிரி பேசுவார். நேற்று தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் ஆறு நிமிடத்தில் மேடேறிய செய்தி அவருக்கு வந்திருந்தது. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்றார். பயம் நீங்கிவிட்டதாகச் சான்றளிக்கப்பட்ட ஊர் இப்படி ஓடினால் மேலிடத்தில் என்ன நினைப்பார்கள்? விடியும்போதுதான் அவருக்குப் பதில் கிடைத்ததாம்.

"பயந்தவன் ஓடுவானா?" என்று என்னைக் கேட்டார். "பயந்தவனுக்குக் கால் வராது. நின்ற இடத்தில் உறைந்துபோவான், எங்கள் கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். இவர்கள் ஆறே நிமிடத்தில் ஏறியிருக்கிறார்கள். பயம் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் ஒன்பது நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே நேற்று நடந்தது ஒத்திகை. நீங்கள்தான் அதன் அமைப்பாளர். முதலில் வந்து சேர்ந்தவரும் நீங்கள்தான் என்பதால் நாளை உங்களுக்குக் கோப்பை."

ஐயா, அது ஒத்திகை இல்லை, தூக்கை மாட்டினேன், பயந்துபோய் ஓடினேன் என்றேன். 'பயந்துபோய்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் காலில் முள் தைத்தது போல் ஆனது. அந்தக் கட்டடத்துக்குள் யாரும் தன்னைப் பற்றி அந்தச் சொல்லை இப்போது உபயோகிப்பதில்லை என்றும், சுற்றறிக்கைப்படி அதன் பெயர் 'முன்கூட்டிய உற்சாகம்' என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

சரி, உற்சாகமாகவே இருக்கட்டும். வந்ததுதான் வந்தோம், இவ்வளவு படித்தவர், கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என் மச்சினன் படகுக்கடியில் இருந்தான், நான் எட்டடியில் இருந்தேன், கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த வாக்கியம் வெளியே வந்தது. அதில் இருந்த 'கூப்பிட்டிருந்தால்' என்பதைக் கவனித்து அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் பேனாவை எடுத்தார். "கேட்பது, கேட்காமல் போவது, இதெல்லாம் ஒலி சம்பந்தப்பட்டது," என்றார். "எங்களிடம் மனம் மட்டும்தான். ஒலி, சங்குப் பராமரிப்புப் பிரிவில் வருகிறது." ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்.

சங்குப் பராமரிப்புப் பிரிவு அதே கட்டடத்தின் பின்புறம். அங்கிருந்த பொறியாளர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தடித்த விலைப்பட்டியல் ஒன்றை விரித்தார். சங்கு மூன்று கிலோமீட்டர் கேட்கும், காற்று எதிர்த்தால் இரண்டரை. கைமணி நானூறு அடி. மனிதக் குரல் அவர் பட்டியலில் இல்லை. அவர் நல்ல மனிதர், இரண்டு தடவை தேடினார். மனிதக் குரலை நாங்கள் கொள்முதல் செய்வதில்லை, அதனால் தரம் நிர்ணயிக்கவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். சம்பவ நேரத்தில் குரல் பயன்படுத்தப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பயன்படுத்தப்படாத கருவி குறித்துப் புகார் எடுக்க முடியாது என்றார். சீட்டின் பின்பக்கம் 'ஆலோசகர் பார்க்க' என்று எழுதினார்.

இரண்டு இடத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை. கூப்பிட்டால் கேட்குமா என்பதற்கு இதுவே ஒரு பதில்தானோ என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது அறைக்குப் போனேன்.

ஆலோசகர் சின்னப் பெண். இருபத்துமூன்று வயது இருந்தால் அதிகம். ஒலிப்பெட்டியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. உட்காருங்கண்ணா என்றாள். நான் கேள்வியைக் கேட்டேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, படிவத்தைப் புரட்டி, உதட்டைக் கடித்தாள்.

"இது குற்ற உணர்வு வகையில வருதுண்ணா. அது போன வருஷத் திட்டம், மார்ச்சோட முடிஞ்சிடுச்சு. இந்த வருஷம் பயம் மட்டும்தான் எடுக்குறோம்."

அடுத்த வருடம் வருமா என்று கேட்டேன். அடுத்த வருடம் தூக்கமின்மை என்று பேச்சு அடிபடுகிறதாம். எனக்குத் தூக்கமும் வருவதில்லை, அதற்கு இப்போதே பெயரைக் கொடுத்துவைக்கலாமா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் குறித்துக்கொண்டாள்.

பிறகு மேசைமேல் இருந்த பளபளப்பான அட்டையைப் பார்த்து, மெதுவாக, "உங்களால் எதுவும் செய்திருக்க முடியாது," என்றாள்.

நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். கேளுங்கள், சொல்கிறேன் என்றேன்.

"கேக்கக் கூடாதுண்ணா. என்ன நடந்ததுன்னு கேட்டா கேக்குறவங்க மனசு பாதிக்கும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க."

சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. அவளுக்கும் அது சரியில்லை என்று தெரிகிறது, பாவம். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். பிறகு ஞாபகம் வந்து, ஒன்று எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். வேண்டாம்மா என்று எழுந்துவிட்டேன். நான் வெளியே வந்தபோது அவள் ஒன்றை எடுத்துத் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை கடற்கரையில் பந்தல். நடுவில் திரைபோட்ட கல்வெட்டு. விருந்தினர்களுக்குக் கடல் காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேடையைக் கடலைப் பார்த்துப் போட்டு, ஊர்க்காரர்களின் நாற்காலிகளைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் தொள்ளாயிரம் நாற்காலியும் பக்கவாட்டில் திரும்பிவிட்டன. எல்லாரும் தோளுக்குமேல் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தபடியே கைதட்டினார்கள். கால்கள் மட்டும் மேட்டைப் பார்த்து இருந்தன. இம்மக்களின் இயற்கை ரசனையைப் பாருங்கள் என்று இயக்குநர் விருந்தினர்களிடம் பெருமைப்பட்டார்.

அவர் பேச்சின் முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்.

"நாங்கள் வந்தபோது இந்த ஊரின் சராசரி ஏழு புள்ளி நான்கு. இன்று இரண்டு புள்ளி ஒன்பது. மீதமிருக்கும் இரண்டு புள்ளி ஒன்பதும் பெரும்பாலும் குழந்தைகளிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு அட்டையைப் புரிந்து பதில் சொல்லத் தெரியவில்லை. புதன்கிழமை நடந்த ஒத்திகையை எங்கள் ஊழியர்களுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கே சொல்லவில்லை. அவ்வளவு ரகசியமாகத் திட்டமிடப்பட்டது. அச்சம் நீங்கிவிட்ட ஊருக்கு இனி அபாயச் சங்கு அவமானம். ஆகவே அதை இன்று மாலை கழற்றி, இன்னும் அச்சம் நீங்காத வேறோர் ஊருக்குப் பரிசாக அனுப்புகிறோம்."

கைதட்டல் வரவில்லை. ஐஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். கேள்வி கேட்கப்போகிறார் என்று நினைத்து அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் கேள்வி கேட்க எழவில்லை. மேட்டுக்குப் போகிற வழியில் நாற்காலி எதுவும் குறுக்கே கிடக்கிறதா என்று பார்த்தார்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறு நிமிடத்தில் அனைவருக்கும் முன்பாக வந்து தன் உயிரைக் காத்த முன்மாதிரிக் குடிமகன். கோப்பை வாளியளவு பெரிதாக இருந்தது. அதைக் குடும்பத்தார் கையால் தந்தால்தான் நெகிழ்ச்சியாக இருக்கும் என்று கையேட்டில் இருக்கிறதாம். என் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் வந்தாள். முந்தைய நாள் துவைத்த சேலை, கண்ணுக்குக் கீழே இரண்டு இரவின் கறுப்பு. ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டி, உங்கள் கணவரைப் பற்றி நாலு வார்த்தை என்றார் இயக்குநர்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லா ஓடுவாரு," என்றாள்.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கோப்பையை என் கையில் வைத்தாள். வைக்கும்போது அவள் விரல் என்மேல் படாமல் பார்த்துக்கொண்டாள்.

என்னிடம் ஒலிவாங்கி வந்தது. ஒரு நகைச்சுவை தயாராக வைத்திருந்தேன், முழங்கால் வலிக்கு நல்ல மருந்து சங்கு என்று. வாயைத் திறந்தால் வேறு வந்தது. இது ஒத்திகை இல்லை என்றேன். பயத்தில் ஓடினேன் என்றேன். அந்தச் சொல் வந்த நொடியில் ஒலிபெருக்கி செத்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் ஒலி அமைப்பவரிடம் சுற்றறிக்கையை முன்பே கொடுத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

நான் நிறுத்தவில்லை. முன்பும் இப்படித்தான் ஓடினேன் என்றேன். அவன் படகுக்கடியில் இருந்தான், நான் அவனைக் கூப்பிடவே இல்லை, கத்தினேன் என்று சொன்னது பொய் என்றேன். தொள்ளாயிரம் பேருக்கும் என் வாய் அசைவதுதான் தெரிந்தது. விழா மேடையில் வாய் அசைவது எல்லாம் நன்றியுரை என்று ஊருக்குப் பழக்கம். இரண்டடி தள்ளி நின்ற இயக்குநருக்கு எல்லாம் கேட்டது. அவர் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு விருந்தினர்கள் பக்கம் திரும்பி, மனம் திறந்து பேசுகிறார் பாருங்கள், இதுதான் எங்கள் வெற்றி என்று சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதைப் பார்த்து விருந்தினர்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஊர் தட்டியது. மச்சினனைச் சாகவிட்டு ஓடியதற்கு இவ்வளவு கைதட்டல் வாங்கியவன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

கைதட்டாமல் நின்றது ஒரே ஓர் ஆள். அவளும் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவளுக்கும் எல்லாம் கேட்டது.

கல்வெட்டின் திரையை விலக்குவதற்குள் அவள் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு படியோரம் தரையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே, நாலடி தள்ளி உட்கார்ந்தேன். பேச வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் கத்தியால் செதிள் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மீன் முடிந்தது.

"மேடையில சொன்னது நெசமா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நெசம்."

"ரெண்டு வருசமா கத்துனேன் கத்துனேன்னு சொன்னது?"

"பொய்."

மூன்றாவது மீனை எடுத்தாள். வாலிலிருந்து தலைப்பக்கமாக, அவசரமில்லாமல் உரித்தாள். ஒரு செதிள் தெறித்து என் கையில் ஒட்டியது. நான் அதைத் துடைக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், கத்தியை வீசுவாள் என்று நினைத்தேன், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்று நினைத்தேன். எதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே இருந்ததற்குத்தான் தயாராக இல்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "ஆபீஸ்ல மூணு பேர்கிட்டக் கேட்டுட்டேன். யாரும் சொல்லல. நீ என்னைத் தேத்துறதுக்குன்னு எதுவும் சொல்லாத. எனக்குத் தேத்தல் வேணாம்."

அவள் கத்தி நின்றது.

"நான் கூப்பிட்டிருந்தா, அவனுக்குக் கேட்டிருக்குமா?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடவே களைப்பும் இருந்தது. இரண்டு வருடமாக ஒரே சுமையை ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்குக் காலையில அவனுக்குத் துணி கட்டிவிட்டது நான்தான்," என்றாள். "பைபர் தூசி பட்டா அவனுக்குத் தும்மல் நிக்காது, தெரியும்ல. காதுக்குள்ளயும் போகுதுக்கா, காதையும் சேத்துக் கட்டுன்னான். நான் கட்டல. மூக்கும் வாயும் மட்டும்தான் கட்டினேன். மாமா ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாரு, கூப்பிட்டா உனக்குக் கேக்கணும்லன்னு சொன்னேன். அதுவும் சரிதான்னு சிரிச்சான்."

குழாயில் தண்ணீர் மெலிந்துவிட்டது. பக்கத்திலிருந்த வாளியைக் கண்ணால் காட்டினாள். நான் எடுத்து அவள் கைமேல், மீன்மேல் மெதுவாக ஊற்றினேன். அவள் ஒவ்வொரு மீனாகத் திருப்பித் திருப்பி அலசினாள். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை ஊற்றச் சொன்னாள்.

"கேட்டிருக்கும்," என்றாள். "நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போதும். வந்திருப்பான்."